பம்பாய் ஓபரா ஹவுஸும் நம் கொட்டகைகளும்

பம்பாயில் ஓபரா ஹவுஸுக்கு வழி கேட்டால் வைரச் சந்தைக்கு வழி சொல்வார்கள். 2013இல் நான் முதல்முறை அந்த ஊருக்குப் போனபோது இது எனக்குத் தெரியாது. வங்கி நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தரும் பயணச் சலுகையில் வீட்டாரோடு போயிருந்தேன். அவர்கள் கடற்கரையில் இருக்க, நான் மட்டும் சர்னி ரோடு ஸ்டேஷன் பக்கமாக நடந்து விசாரித்தேன். ஒருவர் வைரத் தரகர்கள் கூடும் தெருவைக் காட்டினார். இன்னொருவர் பஸ் நிறுத்தத்தைக் காட்டினார். ஓபரா ஹவுஸ் என்பது அவர்களுக்கு ஒரு வட்டாரம். அந்தப் பெயருக்குக் காரணமான கட்டிடம் எதிரே நின்றுகொண்டிருந்தது, பூட்டியபடி. அது அடைத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சேவூர்க்காரனுக்கு ஓபரா ஹவுஸில் என்ன வேலை என்று என் சக குமாஸ்தா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது, நிலக்கடலை ஏலம் நடக்கிறது, சுற்றிலும் விசைத்தறிச் சத்தம், காலையில் பனியன் கம்பெனி வேன்கள். ஓபரா என்ற சொல் எனக்கு வந்தது பி.ஏ. ஆங்கிலப் பாடத்தில், அருஞ்சொற்பொருள் பட்டியல் ஒன்றில். வசனம் முழுவதும் பாட்டாக அமைந்த நாடகம் என்று ஆசிரியர் ஒரு வரியில் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அதே நாட்களில் என் அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து, சிறுவனாக அவிநாசித் தேருக்குப் போய் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிலேயே முருகன் கேள்வி கேட்பதும், பாட்டிலேயே வள்ளி மறுப்பதும், ஆர்மோனியக்காரர் நடுவில் புகுந்து வாங்கிக் கொடுப்பதும் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. நோட்டில் எழுதிய வரிக்கும் திண்ணையில் கேட்ட கதைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. தோன்றாதபடிதான் நாங்கள் படித்தோம். பின்னால் நவீன நாடகம், பிரெக்ட், பாதல் சர்க்கார் என்று வாசிக்கத் தொடங்கியபோதும் அந்த ஆர்மோனியத்தின்மேல் ஏளனம் இருந்ததே தவிரக் கேள்வி இருக்கவில்லை. இந்தக் கட்டுரை ஓரளவு அந்த ஏளனத்தின் கணக்கைத் தீர்ப்பதற்காகவும்தான்.

பம்பாய்க் கட்டிடத்தின் கதை 1908இல் தொடங்குகிறது. மாரிஸ் பாண்ட்மன் என்ற நாடக வியாபாரியும், ஜெஹாங்கீர் ஃப்ராம்ஜி கராகா என்ற பார்சி நிலக்கரித் தரகரும் சேர்ந்து போட்ட திட்டம். 1911இல் தில்லி தர்பாருக்காக இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், வேலை முடியாத நிலையிலேயே அதைத் திறந்துவைத்தார். ‘ராயல்’ என்ற அடைமொழிக்குக் காரணம் அதுதான். கட்டிடம் 1912இல் முடிந்தது. அதற்குப் பிறகும் சில வருஷங்கள் கூட்டிச் சேர்க்கும் வேலைகள் நடந்தன.

பாண்ட்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கலைப்பற்றால் ஓபராவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் என்று இவரை நினைத்தால் ஏமாந்துபோவோம். கல்கத்தாவை நடுவாக வைத்து, ஜிப்ரால்டர் முதல் யோகோஹாமா வரை நீண்ட ஒரு சுற்றுப்பாதையை இவர் நடத்தினார். மால்டா, கெய்ரோ, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங் என்று கப்பல் தொடும் துறைமுகமெல்லாம் இவருடைய குழுக்களுக்கு மேடை. ஒரு குழு ஊருக்குள் இறங்கினால் ஒவ்வொரு இரவும் வெவ்வேறு நாடகம் போடும். கையிருப்பு தீர்ந்ததும் அடுத்த கப்பல். அந்த இடத்துக்கு இன்னொரு குழு வந்து இறங்கும். போட்டதும் பெரும்பாலும் லண்டனில் அப்போது ஓடிக்கொண்டிருந்த இசை நகைச்சுவைகள். மொசார்ட்டும் வெர்தியும் இதில் குறைவு. சாம்ராஜ்யத்து உத்தியோகஸ்தர்களுக்கும் அவர்களோடு பழகிய உள்ளூர்ச் செல்வந்தர்களுக்கும் மாலைப்பொழுது கழியவேண்டும். அதற்கான ஏற்பாடு இது. ‘ஓபரா ஹவுஸ்’ என்ற பெயர் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கண்ணியத்தைக் கொடுத்தது, அவ்வளவே. பெயருக்கும் பண்டத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி, பிறந்த அன்றே அந்தக் கட்டிடத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் கட்டிடம் பொய் சொல்லவில்லை. அது உண்மையிலேயே ஓபராவுக்கான கட்டிடம். இதை விளங்கிக்கொள்ள ஐரோப்பாவில் இந்த வடிவம் எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். 1600ஐ ஒட்டி ஃப்ளாரன்ஸ் பிரபுக்களின் மாளிகைகளில் ஓபரா பிறந்தபோது அதற்கென்று ஒரு வீடு இல்லை. அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்த்தார்கள். 1637இல் வெனிஸில் சான் கஸ்ஸியானோ அரங்கு டிக்கெட்டுக்குத் திறந்தது. காசு கொடுத்தவன் உள்ளே வரலாம் என்று ஆனதும்தான் ஓபரா ஹவுஸ் என்ற தனிக் கட்டிட வகை உருவாயிற்று. கீழே தரை, சுற்றிலும் அடுக்கடுக்காகப் பெட்டிகள், மேலே ஏழைகளுக்கான காலரி, குதிரை லாடம்போல் வளைந்த சுவர். அந்த வளைவில் இரண்டு காரியம் நடந்தது. பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோடு யார் வந்தார்கள், என்ன நகை என்பதெல்லாம் மேடையில் நடப்பதற்குச் சமமான காட்சி. மற்றொன்று குரல் பற்றியது. மனிதத் தொண்டையிலிருந்து எழும் ஒலி, வேறு எந்த உதவியும் இல்லாமல், கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவேண்டும். இவ்வளவு மரமும் சாந்தும் துணியும் வளைவும் அந்த ஒரு காரியத்துக்காகத் தேவைப்பட்டன.

பம்பாய் அரங்கிலும் இதே ஏற்பாடுதான். முகப்பு பரோக் பாணியில் அமைந்தது, இந்திய வேலைப்பாடுகள் கலந்தது. உள்ளே தரை வரிசைகளுக்குப் பின்னால் பெட்டி இருக்கைகள், மேடையின் இரு பக்கமும் அரச பெட்டிகள், மேலே இரண்டு அடுக்கு. முன்கூடத்துக் குவிமாடம் எட்டுப் பகுதிகளாகப் பிரிந்து கவிஞர்களுக்கும் நாடகாசிரியர்களுக்கும் அஞ்சலி செலுத்துகிறது. அங்கே தொங்கும் இரண்டு பெரிய சரவிளக்குகள் சசூன் குடும்பம் கொடுத்தவை. பைகுல்லாவில் இருந்த அவர்களுடைய ஸான் ஸூசி மாளிகையிலிருந்து வந்தவை. அபின், பருத்தி, ஆலை என்று சம்பாதித்த குடும்பம் அது. பஞ்சு விலையில் பிழைக்கும் எங்கள் பக்கத்திலிருந்து போனவனுக்கு அந்த விளக்குகளை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை. உள்கூரையோ காலரியில் கடைசியாக உட்கார்ந்தவன் காதிலும் மேடைச் சொல் ஒவ்வொன்றும் விழும்படி அமைக்கப்பட்டது.

அந்தக் கூரையின் கீழ் வந்து பாடியவர்கள்தான் இந்தக் கதையின் சுவையான பகுதி. வெள்ளைக்காரனின் இசை நகைச்சுவைக்குக் கட்டிய அரங்கில் பால கந்தர்வர் பாடினார். தீனாநாத் மங்கேஷ்கர் பாடினார். மராட்டியர்களுக்கு 1880இலேயே, அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் சாகுந்தலத்தோடு, சங்கீத நாடகம் என்ற பெயரிலேயே ஒரு பாட்டு நாடக மரபு தொடங்கிவிட்டது. பால கந்தர்வர் பெண் வேஷத்தில் வந்து நின்றால் அவர் உடுத்திய புடவையின் கட்டு மறுநாள் பூனா வீடுகளுக்குப் போய்விடும் என்பார்கள். தபலாவுக்கு அஹமத்ஜான் திரக்வா இருந்தார். ‘ஒன்ஸ் மோர்’ கேட்கக் கேட்க ஒரே பதத்தை மறுபடி மறுபடி வேறு வேறாகப் பாடுவார். நாடகம் நின்றுபோய்க் கச்சேரியாகும், பிறகு கச்சேரியிலிருந்து மீண்டும் நாடகத்துக்குத் திரும்பும். இதை நாடகத்தின் பலவீனம் என்று சொன்ன விமர்சகர்கள் அங்கேயும் உண்டு. இத்தாலியில் ரசிகர்கள் ஏரியா முடிந்ததும் கூச்சல் போட்டு மறுபடி பாடவைத்ததை அவர்கள் பண்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள். என் அபிப்ராயத்தில், அந்தக் கட்டிடம் தன் பெயருக்குத் தகுதியானது இந்த மராட்டியக் குரல்களால்தான்.

இது நெடுநாள் நீடிக்கவில்லை. 1920களிலேயே அரங்குக்குள் மௌனப் படங்கள் வந்தன. 1935இல் ஐடியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் கட்டிடத்தை எடுத்து சினிமாவுக்கு ஏற்றபடி மாற்றியது. சினிமாவுக்கு லாட வளைவு தேவையில்லை. பக்கத்துப் பெட்டியிலிருந்து திரை கோணலாகத் தெரியும். ஆகவே பெட்டிகள் போயின. ஒலிபெருக்கிக்குக் கூரையின் தயவும் தேவையில்லை. அதற்குப் பிறகும் நாடகம் ஒரு மூலையில் உயிரோடு இருந்தது. ப்ருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய ப்ருத்வி தியேட்டர்ஸ், படக் காட்சி இல்லாத காலை நேரங்களில் இங்கே நாடகம் போட்டது. சகுந்தலை, தீவார், பட்டான் எல்லாம் இந்த மேடையில் நடந்தவை. நாடகம் முடிந்து ஜனங்கள் வெளியேறும் வாசலில் ப்ருத்விராஜ் ஒரு துணிப்பையை ஏந்தித் தலை குனிந்து நிற்பார், நிவாரண நிதிக்காக. மேடையில் அவ்வளவு நேரம் கர்ஜித்தவர் அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டாராம். 1952இல் கோண்டல் மகாராஜா கட்டிடத்தை வாங்கினார். நாற்பது வருஷம் படம் ஓடியது. வீடியோவும் கேபிளும் வந்து கூட்டம் குறைந்து, 1993இல் அடைத்தார்கள்.

அடைத்த கட்டிடத்துக்கு நம் நாட்டில் என்ன நேரும் என்பது தெரிந்ததே. சுவரில் செடி முளைக்கும், கூரை ஒழுகும், பிறகு ஒருநாள் அடுக்குமாடி எழும்பும். இங்கே அப்படி நடக்காததற்கு முக்கியக் காரணம், கோண்டல் குடும்பம் அதை விற்காமல் வைத்திருந்ததும், அதைச் சீர்படுத்தும் பொறுப்பைக் கட்டிடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவிடம் கொடுத்ததும்தான். 2012இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. பழைய புகைப்படங்களைப் பார்த்து, சினிமாக் காலத்தில் போன பெட்டிகளை மறுபடி கட்டினார்கள். வண்ணக் கண்ணாடிகளையும் பொன் வேலைகளையும் மீட்டார்கள். 2016 அக்டோபரில் அரங்கு திறந்தது. பம்பாயில் பிறந்து லண்டனில் பெயர்பெற்ற பட்ரீஷியா ரொசாரியோ பாடினார். இப்போது 575 இருக்கைகள். யுனெஸ்கோ 2017இல் பாரம்பரியப் பாதுகாப்புக்காக ஒரு விருதும் தந்தது. இந்தியாவில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே ஓபரா ஹவுஸ் இதுதான்.

2018இல் எனக்கு உள்ளே போக வாய்த்தது. மாலை நிகழ்ச்சி ஒன்றுக்கு மலிவான டிக்கெட், மேல் அடுக்கு. தொடங்க நேரம் இருந்தது. கீழே மேடையில் இரண்டு தொழிலாளிகள் ஒரு மேசையை நகர்த்திக்கொண்டு மராட்டியில் ஏதோ பேசினார்கள், குரலை உயர்த்தாமல். எனக்கு மராட்டி தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. ஒருவர் இருமியதுகூட. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அப்பாருவின் நினைவு வந்தது. அவர் பார்த்த நாடகம் எங்கே நடந்தது? கீற்றுக் கொட்டகையில்.

தமிழில் பாட்டு நாடகம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் பதினெட்டாம் நூற்றாண்டு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அச்சேறியபோது அதற்கு உதவியவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. ஓபரா கேட்டுப் பழகிய காது அதில் எதையோ அடையாளம் கண்டிருக்கலாம். இது என் ஊகம். பிறகு மராட்டியக் குழுக்களும் பார்சிக் குழுக்களும் திரையும் பக்கத் தட்டியுமாகத் தெற்கே வந்தன. தஞ்சை கோவிந்தசாமி ராவ் மனமோகன நாடகக் கம்பெனி நடத்தினார். பம்பாய் மேடைக்கும் நம் மேடைக்கும் இரத்த சம்பந்தம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதன் பிறகு சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று இன்றும் திருவிழாக்களில் நிற்கும் பாட்டு நாடகங்களை எழுதியவர். பாண்ட்மன் இறந்த அதே 1922இல் இவரும் இறந்தார். இருவரையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதே அபத்தம் என்று தோன்றலாம். ஆனால் பாண்ட்மனின் குழுக்கள் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய அதே காலத்தில் நம் கம்பெனிகளும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டி படுதாவோடு கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. தொழில் ஒன்றுதான். பாண்ட்மன் கல்லில் கட்டினார். நம்மவர்கள் மூங்கிலில் கட்டிப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

நமக்கும் செங்கல் அரங்கு இருந்தது. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால், சிஸம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டியது. ஆனால் அதில் முக்கியமாக வேரூன்றியது பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை; வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை. வசனத்தை மேடையேற்றியது, இரவு முழுவதும் நீளும் நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது எல்லாம் அவர்கள் செய்த நல்ல காரியங்களே. பம்மலின் நினைவுக் குறிப்புகளைப் படித்த யாரும் அந்த மனிதர்மேல் மரியாதை கொள்ளாமல் இருக்கமுடியாது. ஆனாலும் விளைவு என்ன? படித்தவர்களின் வசனத்துக்கு மேலே ஓட்டுக் கூரை; பாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் கீற்று. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. காற்றடித்தால் பறக்கும், பொறி பட்டால் எரியும் கொட்டகை.

இந்தக் கீற்றுதான் நம் மேடைக் குரலை உருவாக்கியது என்று எனக்குப் படுகிறது. ஓலை ஒலியைத் திருப்பித் தராது, குடித்துவிடும். பக்கம் திறந்திருந்தால் பாதி வெளியே போய்விடும். பம்பாய் அரங்கின் கூரை செய்த வேலையை இங்கே தொண்டையே செய்யவேண்டும். எனவே சுருதி நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று ஏறியது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் அந்த உயரத்தில் நின்ற குரல். 1933இல் அவர் இறந்தபோது வயது இருபத்தேழு. அவரோடு மேடையில் நின்ற கே.பி. சுந்தராம்பாள் எங்கள் கொங்கு மண், கொடுமுடிக்காரர். சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்தவர். ஓடும் ரயிலின் இரைச்சலை மீறிப் பாடியதைவிட வேறென்ன குரல் பயிற்சி வேண்டும்? ‘கத்துகிறார்கள்’ என்று நாம் ஒதுக்கிய அந்தக் குரல், கூரை இல்லாத மேடைக்குக் கலைஞர்கள் தங்கள் உடம்பால் கண்ட தீர்வு. மைக் வந்த பிறகு பிறந்தவர்களாகிய நாம், மைக்குக்காகப் பழகிய காதை வைத்துக்கொண்டு, மைக் இல்லாத காலத்துக் குரலை மட்டமென்று தீர்ப்பளித்தோம். நானும்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் சங்கரதாஸ் பாணி நாடகத்தைச் சந்தைக் கூச்சல் என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

சினிமா இங்கேயும் அதே காரியத்தைச் செய்தது, ஆனால் இன்னும் சுலபமாக. பம்பாயில் சினிமா ஒரு கட்டிடத்தை வளைத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. இங்கே மூங்கில் நின்ற இடத்தில் சுவர் எழுப்பினால் போதும். கோயமுத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவி வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 1914ஐ ஒட்டி வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் ஆயிற்று. வங்கி வேலையாகப் போகும்போதெல்லாம் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயரைப் பார்க்கிறேன். அங்கே கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஹால் எது என்று தெரியும்? சுந்தராம்பாள் 1935இல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார், அந்தக் காலத்தில் கேட்டறியாத தொகை. பின்னால் கொடுமுடியில் தன் பெயரில் ஒரு அரங்கு கட்டினார். அதுவும் சினிமா அரங்குதான்.

பம்பாயில் பெட்டிகளை மறுபடி கட்ட முடிந்தது. கட்டிடம் நின்றது, புகைப்படம் இருந்தது, சொந்தக்காரர் இருந்தார். எங்கள் பக்கம் மீட்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சென்ற சித்திரையில் பக்கத்து ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மதுரைப் பக்கத்து நாடகக் குழு ஒன்று வந்தது. வள்ளி திருமணம். இப்போதெல்லாம் ஆள் உயர ஒலிபெருக்கி நான்கு. பஃபூன் பேசினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். இரவு ஒரு மணி இருக்கும், கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. பையன் ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு பங்குக்குப் போனான். ராஜபார்ட் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் சுருதியை ஏற்றினார். ஒருவர் செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க, ராஜபார்ட் விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். இரண்டாம் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பின்னால் நின்றிருந்த தறிக்காரர்கள் மெதுவாக முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

நான் எதிர்ப்பக்கம் போனேன். மேடையின் விளிம்பிலிருந்து பின்னோக்கி நடந்து, சொல் புரிகிறதா என்று கேட்டுக்கொண்டே, தப்படியை எண்ணினேன். கணக்குப் பார்ப்பது தொழில் புத்தி. நாற்பத்திரண்டாவது தப்படிவரை சொல் முழுசாகக் கேட்டது. அதற்குப் பிறகு ராகம் மட்டும், வேப்பமரத்தடி வரைக்கும். அங்கே நின்றிருந்தபோது டீசல் வந்துவிட்டது.